பதினொரு எழுத்து

வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார் கிளப் செக்ரெட்டரி.
"இந்த வருஷம் வேதநாயகம்தான். இப்பவே வெட்டிடும்.
கலெக்டர் கோப்பையைத் தூக்கும்போது
நீர் உளியோடு உட்கார முடியாது."
சீட்டில் இங்கிலீஷ் எழுத்து பதினொன்று. அதில் நாலு ஏ.
எனக்கு வாசிக்க வராது. வரைய வரும்.
செவ்வாய்ப்பேட்டைக் கடையில் கொலுசுகளை ஓரம் தள்ளிவிட்டு
ஒரே ராத்திரியில் வெட்டினேன்.

ஞாயிறு காலை பஸ். மடியில் துண்டு சுற்றிய கோப்பை.
இருபது வளைவிலும்
அது என் வயிற்றில் முட்டிக்கொண்டே வந்தது.

கோல்ஃப் எனக்குப் புரியாத ஆட்டம்.
குறைவாக அடித்தவன் ஜெயித்தவனாம்.
என் கடையில் ஒரு குன்றிமணி குறைந்தாலும்
சட்டையைப் பிடிப்பார்கள்.
மூன்று வருஷமாய் வேதநாயகம் இரண்டாவதாம்.
ஐந்நூறு ஏக்கர் காப்பி, மிளகு, ஆரஞ்சு,
ஆனாலும் கோப்பையில் ஓர் எழுத்து கிடையாது.
எதிரே ஆஸ்வால்ட் பின்டோ,
சூரமங்கலம் ரயில்வே கார்டு, இடதுகைக்காரர்.
யாரோ விட்டுப்போன மட்டைகள்,
பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.

கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம்.
ஏரிப் பக்கமிருந்து பனி ஏறிக் கொடியை மறைத்தது.
சவுக்கு மரத்தடியில் வேதநாயகத்தின் பந்து.
அவர் குனிந்தார், மட்டையைப் பின்னால் வைத்தார்,
பிறகு நிமிர்ந்து கையைத் தூக்கினார்.

"நகர்ந்தது."

எவ்வளவு என்றார் நடுவர்.
"உளுந்தளவு. எனக்கு ஒண்ணு சேத்துக்கோங்க."
யாரும் பார்க்கவில்லை. பந்து தூக்கும் பையன்
அவர் முகத்தையே பார்த்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.
பத்தடிக்கு அப்பால் மலையே இல்லாத அந்தப் பனியில்
யார் பார்த்திருப்பார்கள்?

மீதியைக் காதால்தான் கேட்டோம்.
அவர் பந்து குழியில் விழுந்தது. டொக்.
கொஞ்ச நேரம் கழித்து பின்டோவின் பந்து. டொக்.
கணக்கில் ஒன்று வித்தியாசம்.

எல்லோரும் கை தட்டினார்கள்.
நான் மட்டும் தட்டவில்லை. என் கையில் கோப்பை.

செக்ரெட்டரி என்னை மட்டை அடுக்கும் கொட்டகைக்குள் தள்ளினார்.
"அரை மணி நேரம்" என்றார். சுரண்டினேன்.
பேர் பொடியாகி வேட்டியில் உதிர்ந்தது.
பின்பக்கமிருந்து வெளிச்சம் வந்தது.
பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்தபடி
வேதநாயகம் நின்றார்.
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
"வேலையைப் பாருங்க ஆசாரி. கலெக்டருக்குக் குளிருது."

ஆறே எழுத்து, சீக்கிரம் முடிந்தது.
பின்டோவின் பேருக்குப் பின்னால் வெற்றிடம் நீண்டு கிடந்தது.
மெருகேற்ற வாயால் ஊதினேன்.
ஆவி படிந்த வெள்ளியில்
பழைய எழுத்துகள் எழுந்து வந்தன, புகை மாதிரி.
அவர் குனிந்து பார்த்தார்.
"ஒரு ஏ தெரியுது."
"காஞ்சா போயிரும், சார். வேணும்னா இன்னும் சுரண்டுறேன்."
"வேண்டாம். ஓட்டை விழும்."

பின்டோவுக்கு அன்றிரவே டியூட்டி.
பரிசு வாங்கிய கையோடு கடைசி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
இப்போது கோப்பை அவர் மடியில்.
"பந்து நெசமாவே நகந்துச்சா?" என்றார் என்னிடம்,
எல்லாம் தெரிந்தவனிடம் கேட்பதுபோல.
அடிவாரம் வரும்வரை நான் பதில் சொல்லவில்லை.
அதற்குப் பிறகும் சொல்லவில்லை.
ஈரோடு பாசஞ்சரின் கடைசிப் பெட்டியில்
பச்சைக் கொடிக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

எழுத்துக்கு நாலணா என் கூலி.
கிளப் ஆறுக்குத்தான் கொடுத்தது, நானும் கேட்கவில்லை.
அடுத்த புதன்கிழமை ஏற்காட்டிலிருந்து மணியார்டர்:
இரண்டு ரூபாய் பன்னிரண்டணா.
கூப்பனில் எழுதியிருந்ததைத்
தபால்காரர்தான் வாசித்துச் சொன்னார்.
"பதினொன்றுக்கு. சுரண்டியது உங்கள் கணக்கு."